சுராயாவின் கரண்டி

சுராயா மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, கைப்பையில் வைத்திருக்கும் பழைய சாப்பாட்டுக் கரண்டியால் அதன் காலடியைத் தோண்டுகிறார். சின்னக் கன்றாக இருந்தால் தண்டின் அடியைப் பிடித்து, பிள்ளையின் காதைத் திருகுவதுபோல் இழுத்துப் பார்க்கிறார். வராவிட்டால், "ஒக்காந்துட்ட, நல்லா இரு" என்கிறார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அவருக்கு உதவியாளாக வந்து சேர்ந்த என்னையும் முதல் நாள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "நீ இன்னும் ஒக்காரல."

செங்கல்பட்டுக்குக் கிழக்கே, கல் எடுத்து முடித்த குவாரி ஒன்றை மண் கொட்டி மூடி, வேம்பும் புங்கமும் வைத்திருக்கிறார்கள். நிலம் தேறிவிட்டதா என்று சொல்வதுதான் இவர் வேலை. தேறிற்று என்றால் முள்வேலியைப் பிரித்து ஊர் ஆடுமாடுகளை மேயவிடுவார்கள். இல்லையென்றால் வேலி இன்னும் இரண்டு கோடைக்கு நிற்கும்.

கோவளத்திலிருந்து பஸ் மாறி வருகிறார். மீன் வியாபாரம் பார்க்கும் கணவர் ஹுசைன், "சம்பளம் வாங்கிக்கினு செடியோட மல்லுக்கட்டுற ஒரே ஆளு நீதான்" என்று போனில் சீண்டுவார். "நீ மட்டும் இன்னாவாம், செத்த மீனோட மல்லுக்கட்டிக்கினு கீற" என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

மாசியில் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கத்திரி வெயில் முடிந்ததும்தான் பார்க்க வருவார். "தண்ணி ஊத்துனா எதுவும் நிக்கும். நாம வச்சது நிக்கறதும் பெருசில்ல. நாம வைக்காதது தானா வரணும்."

இந்த வருடம் அப்படி வந்து தோண்டிய அன்று கரண்டி ஈரத்தோடு வந்தது.

"கன்னியம்மாக்கா, இன்னா இது?"

மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தவர் கன்னியம்மா. வேலிக்கு வெளியே அவருடைய ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"கடல் காத்தும்மா, அந்த ஈரம்."

"காத்து கொடத்த தூக்கிக்கினு வந்து வேருல ஊத்திட்டுப் போச்சா?"

"எலையெல்லாம் கொட்டிக்கினு நின்னுதும்மா. நீ வந்து பெயிலுன்னு எழுதிட்டா? மனசு கேக்கல. வூட்டுத் தண்ணிதான்..."

"போச்சு போக்கா. இத்த வச்சி நான் இன்னான்னு பாஸ் போடறது?"

கோபம் வந்தால் சுராயா கடலைமிட்டாயை உடைத்து ஒரு பாதியை எதிராளியிடம் நீட்டுவார். நீட்டினார். கன்னியம்மா அதை மென்று முடித்ததும், குடத்தோடு ஏற முடியாத இடம் எது என்று சுராயா கேட்டார். கன்னியம்மா வடக்குச் சரிவைக் காட்டினார்.

அங்கே வரிசை எதிலும் சேராமல், சரளைக்கு நடுவே சாண் உயர வேப்பங்கன்றுகள் சிதறி நின்றன. அடித்தண்டு பழுப்பேறியிருந்தது. போன வருடத்து விதை, இந்தக் கோடையைத் தாண்டியிருக்கிறது. சுராயா உட்கார்ந்து தோண்டினார். புழுதிதான் வந்தது. ஒரு கன்றை இழுத்தார். வரவில்லை.

"இத்த யாரு வச்சது?"

"காக்கா போட்டிருக்கும். எம் ஆட்டு மேல ஆணையா, நான் இந்தப் பக்கம் ஏறவே இல்லம்மா. முட்டி வலி."

சுராயா மறுபடியும் இழுத்தார். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"பாவம்மா, வாய் காஞ்சி கெடக்குது. ஒரு முழுங்கு ஊத்தேன்" என்று கன்றைக் காட்டிக் கன்னியம்மா கையை நீட்டினார்.

சுராயா கொடுக்கவில்லை. கன்றைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை தானே குடித்துவிட்டு, காலி பாட்டிலை அந்தக் கையில் வைத்தார்.