தலைவருக்குப் படியெடுத்த ஒபதியா

“அதிகாரிங்க தெருமுனைக்கு வந்துட்டாங்கம்மா” என்றார் ஒபதியா. மகள் லிதியா அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிலடெல்பியா துறைமுகத்தில் அவரைக் கப்பல் பாய் தைக்கிறவராகத்தான் தெரியும். இன்னொரு வேலை மகளுக்கு மட்டும் தெரியும். எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் ஜனாதிபதியைத் தாக்கிப் பத்திரிகைக்கு எழுதுவார். அடியில் யாரோ பழைய ரோமாபுரிக்காரன் பெயரைப் போடுவார். விருந்துகளிலோ, “பத்திரிகையா? நான் தொடுறதே இல்லை” என்பார். அவர் எழுத்து அச்சுக்கூடத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது. அதனால் ஒபதியா தன் கையால் படியெடுத்துவிட்டு, தலைவர் எழுதியதை அடுப்பில் போட்டுவிடுவார். மிஞ்சுவது ஒபதியாவின் எழுத்து.

அது 1798. ஜனாதிபதியைத் திட்டி எழுதினால் இரண்டு வருஷம் சிறை என்று புதுச் சட்டம் வந்திருந்தது. நேற்று அச்சுக்கூடத்தைச் சோதித்தவர்கள் அந்தப் படியை எடுத்துப்போய்விட்டார்கள். இன்று அதே தாளோடு தெருவில் வீடு வீடாகக் கையெழுத்துப் பார்க்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

“அப்பா, பைபிள்!” என்றாள் லிதியா. “பிள்ளை பேரைக் காலையிலதானே முன்தாள்ல எழுதினீங்க! கிழிங்க!”

“உங்கம்மா பேரும் அதுலதாம்மா இருக்கு.”

“அம்மா போயாச்சு. எம் புருஷன் கடல்ல. நீங்களும் ஜெயிலுக்குப் போனா எங்களுக்கு யாருப்பா?”

வீட்டுப் பிறப்பு இறப்பையெல்லாம் அவர் எழுதிவைத்திருந்த அந்த முன்தாளைக் கிழித்தார். தாள் அடுப்பில் சுருண்டு கறுத்தது. அதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டான்.

“எழுதத் தெரியுமா பெரியவரே?”

“கையெழுத்துக்குப் பதிலா குறுக்கும் நெடுக்குமா ரெண்டு கோடு போடுவேங்க. அவ்வளவுதான்.”

“அப்ப விரல்ல என்ன, மையா?”

ஒபதியா விரலைச் சட்டையில் தேய்த்தார்.

“வால்நட் காய்த் தோல் உரிச்ச கறைங்க” என்றாள் லிதியா. “கையைக் கழுவச் சொன்னா கேட்டாத்தானே! இதோடயே பிள்ளையத் தூக்குறாரு.”

“எங்க மாமனாரும் இதே ரகந்தான்” என்று சிரித்தபடி அவன் பைபிளைப் புரட்டினான். “என்ன, பிள்ளை பேரு ஏறலையா?”

“எழுதத் தெரிஞ்சவங்க வரட்டும்னு இருக்கோங்க.”

“நான் வந்துட்டேனே. பேரைச் சொல்லுங்க, பெரியவரே.”

“ஆமோஸ்” என்றார் ஒபதியா. குரல் அவருக்கே கேட்கவில்லை. அதிகாரி தன் பேனாவையும் மையையும் எடுத்து, பைபிளின் அடுத்த வெற்றுத் தாளில் குண்டுகுண்டாக எழுதி, ஊதிக் காயவைத்துவிட்டுப் போனான்.

அன்று காலை, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தபோது அவர் சொல்லியிருந்தார்: “ஊரான் சொன்னதையெல்லாம் எழுதின கைடா இது. உன் பேரை மட்டும் வேற எவனையும் எழுத விடமாட்டேன், ராசா.”