இரண்டாவது முடிச்சு

மரம் ஏறுகிறவன் சோம்பேறியாக இருக்க மாட்டான் என்று நினைப்பவர்கள் என்னைப் பார்த்ததில்லை. மழைக்கு முந்திய மாதங்களில் தூத்துக்குடியில் எனக்கு மூச்சு விட நேரம் கிடையாது. கரண்டு கம்பியில் உரசும் வேம்பு, மாடிமேல் சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம், எல்லா வீட்டுக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். நான் ஏறி வெட்டுவேன். கீழே நின்று கிளைகளைக் கயிற்றில் இறக்குவது என் மனைவியின் தம்பி. அவனும் நாற்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் துறைமுகத்தில் உயரமான விளக்குக் கம்பங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கயிற்றில் ஏறப் படித்தது அங்கேதான். அசெண்டர் என்று ஒரு பிடி உண்டு. மேலே தள்ளினால் கயிற்றில் நகரும், எடையைப் போட்டால் உள்ளே இருக்கும் பல் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. ஆனால் இரும்புப் பல்லை எப்போதும் நம்ப முடியாது. அதனால் ஒரு மெல்லிய கயிற்றை ஏறும் கயிற்றின்மேல் சுற்றி முடிச்சுப் போட்டு, இடுப்பு பெல்ட்டோடு மாட்டிக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் முடிச்சு இறுகி ஆளை நிறுத்தும். அதைத்தான் ‘ரெண்டாவது’ என்போம். துறைமுகத்தில் அது இல்லாமல் தரையைவிட்டுக் காலை எடுக்க விடமாட்டார்கள்.

மரத்தில் தடுக்க யார் இருக்கிறார்கள்? கிளை பிரியும் முதல் கவட்டைவரை ஒரு கயிறு. அங்கிருந்து உச்சிக்கு இன்னொரு கயிற்றுக்கு மாற வேண்டும். மாறும்போது பழைய முடிச்சைக் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும். அந்த இடத்தில் கீழே நிற்பவனுக்கு இலைதான் தெரியும், நான் தெரியமாட்டேன். சரியாக அப்போது மைத்துனன் குரல் கொடுப்பான்.

“அத்தான், ரெண்டாவது போட்டாச்சா?”

“போட்டாச்சு மாப்ள.”

பாதி நாள் அது பொய். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அலுப்பு, வேறொன்றும் இல்லை. கையைத் தள்ளு, காலை மிதி, உடம்பைத் தூக்கு, அதோடு அந்த முடிச்சையும் ஒவ்வொரு தடவையும் மேலே நகர்த்து. இறுகிப்போனால் நகத்தால் நெம்பு. நாற்பத்தெட்டு வயதுத் தோள்பட்டையோடு ஒரு நாளில் மூன்று மரம் ஏறினால், அந்தக் கடைசி வேலைதான் பிராணனை வாங்கும். அவன் கேட்கிற கேள்வியே எனக்குக் கொசுக்கடி மாதிரி இருந்தது.

ஆறுமுகநேரியில் ஒரு வேப்ப மரத்தில் என் குட்டு உடையப் பார்த்தது. நம் கடற்கரையில் இரும்பு என்று ஒன்று இருந்தால் எண்ணெய் தடவாமல் விடமாட்டோம். பூட்டுக்கும் கேட்டுக்கும் தடவுகிற மாதிரி, அசெண்டருக்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தேன். துரு பிடிக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் உப்பளத்துத் தூசியும் பட்டைத் தூளும் அந்த எண்ணெயில் ஒட்டிப் பல்லுக்கு நடுவே களிம்பாக உறைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. எடையைப் போட்டேன். இரண்டு பிடியும் கவ்வவில்லை. ஒரு முழம் சர்ரென்று கீழே போய், அப்புறம் எப்படியோ கவ்விக்கொண்டன. ரெண்டாவது கயிறு என் இடுப்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ன அத்தான்?” என்று கீழிருந்து கேட்டான்.

“ஒண்ணுமில்ல, கால் வழுக்கிட்டு.”

மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். வீட்டுக்கு வந்து பிடிகளை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். பத்து நாள் ஒழுங்காக முடிச்சுப் போட்டேன். பதினோராவது நாள் போடவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு மில்லர்புரத்தில் ஒரு வீடு. மூன்று மாடி உயரத் தூங்குமூஞ்சி மரம். அன்று காலையில் என் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. “நீங்க நில்லுங்க அத்தான், இன்னைக்கு நான் ஏறுதேன்” என்று மைத்துனன் பெல்ட்டை வாங்கிக் கட்டிக்கொண்டான். சின்ன மரங்களில் ஏறிப் பழகியவன்தான். கவட்டையைத் தாண்டி இலைக்குள் மறைந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை நான் கேட்டேன்.

“மாப்ள, ரெண்டாவது போட்டாச்சா?”

“போட்டாச்சு அத்தான்!”

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. முடிச்சுப் போட்டவன் அதைக் கையால் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். அதற்கு ஒரு மூச்சு நேரமாவது ஆகும். போடாதவன்தான் உடனே சொல்வான். எனக்குத் தெரியாதா?

“ஏலே, கீழ எறங்கு.”

“என்ன அத்தான்?”

“நீ போடல. எறங்குலே!”

இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது. “கீழ நின்னுக்கிட்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றான். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிருந்தது.

“நானும் போடுறதில்ல மாப்ள. போட்டாச்சுன்னு இப்பிடித்தான் சொல்லுவேன்.”

அவன் பெல்ட்டை அவிழ்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை. “வீட்டுக்குப் போனதும் அக்கா எங்கிட்ட கேப்பா அத்தான், தெனமும் கேப்பா. ரெண்டாவது போட்டுத்தான் ஏறுதாவன்னு நான்தான சொல்லுதேன். என்னயும் பொய் சொல்ல வச்சிட்டியளே.”

பெல்ட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, வலிக்கிற தோளோடு நானே ஏறினேன். கவட்டையில் கயிறு மாறி, முடிச்சைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

“போட்டாச்சு மாப்ள,” என்று நானாகவே சத்தம் போட்டுச் சொன்னேன்.

இலையை விலக்கிப் பார்த்தேன். கிளை இறக்கும் கயிற்றைக் கையில் பிடித்தபடி, அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.