கையெழுத்துக்குப் பிறகு சேர்த்த வரி

அக்காவின் கையெழுத்து பச்சை மையில் இருக்கும். இன்று நான் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராம்களைச் சோதிக்கும் வேலை அவருடையது. கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஆனால் முதலாளி தவிர எல்லோருக்கும் அக்கா. சோதனைத் தாளில் அந்தப் பச்சைக் கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குமேல் யாரும் புரோகிராமைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் தொட்டேன்.

படப்பைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் செய்து கொடுத்தது எச்சரிக்கைக் குரல். பொருட்களைக் கொண்டுபோகும் பெல்ட் நகர மூன்று விநாடி இருக்கும்போது "கையை எடுங்கள்" என்று ஒலிபெருக்கி சொல்ல வேண்டும். கணினியின் டைமர் நொடிக்கு நூறு முறை ஃபங்ஷன் என்னும் ஒரு சின்னப் புரோகிராம் துண்டைக் கூப்பிடும். அது நேரம் பார்த்து ஒலியைத் தொடங்கிவைக்கும். கூப்பிட்டதும் வந்த வேலையை முடித்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும், உள்ளே உட்கார்ந்து வேறு எதுவும் செய்யக்கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பின்னால் பிழை பார்க்க உதவுமே என்ற மேதாவித்தனத்தில், ஒவ்வொரு முறையும் நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வரியை அதற்குள் சேர்த்து அனுப்பிவிட்டேன். மாதங்கள் போகப் போகக் கோப்பு பெருத்தது, எழுத நேரம் பிடித்தது, குரல் பின்தங்கியது. பெல்ட் மட்டும் அதன் வேளைக்கு நகர்ந்தது. ஒரு தொழிலாளியின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

முதலாளி சோதனைத் தாளை மேசைமேல் போட்டார். "நான் பாக்கசொல்ல நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார் அக்கா. ஆபீசில் அடக்கியே வைத்திருக்கும் ஊர்ப்பேச்சு பதற்றத்தில் வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான் ஒருவன்தான். எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். வேலை போனால் பெண் வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயம். வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. அன்று மாலையே அக்காவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தம்பி, நீ இன்னாத்த சேத்தியோ, அத எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா."

"சரி. இன்னொருத்தன் கை போவக்கூடாது, அதான் கேட்டேன்."

வைத்துவிட்டார். எப்போது எடுத்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீங்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது என்று சொல்லியிருக்க வேண்டும்.