உப்புக்கு நாலு பாஷை

கப்பல்களுக்கு மளிகை கொடுக்கும் கடையில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, இரண்டு பக்கத்துக் கோபத்தையும் ஒருத்தியே வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. இடையில் நின்று பேசிப் பிழைத்தவர்கள் தலையாட்டுவீர்கள். சுதந்திரம் வந்த புதிதில், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபத்தில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி கடையில் எனக்கு அது வாய்த்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிலையாக வைத்துக்கொள்வேன் என்றார். அப்பா போன வீட்டில் வேறு வருமானம் இல்லை.

ஒரு தாய்ப் பிள்ளைகள்

எனக்குத் தெரிந்தது கல்லூரியில் படித்த பிரெஞ்சு மட்டும். உப்பைப் பிரெஞ்சுக்காரன் 'செல்' என்பான், இத்தாலிக்காரன் 'சாலே' என்பான், ஸ்பெயின்காரனும் போர்த்துகீசியனும் 'சால்' என்பார்கள். எல்லாம் லத்தீன் பெற்ற பிள்ளைகள், ஒன்றைப் பழகினால் மற்றதை முகச்சாடையில் கண்டுகொள்ளலாம் என்று பெருமையாக விளக்கினேன். அண்ணாச்சி யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்பம் ஒரு பாஷைக்குச் சம்பளம் தந்தாப் போதும்லா?"

கரைகிற சரக்கு

மூட்டை தூக்கும் முனுசாமிக்கு இந்தக் கதையெல்லாம் பிடிக்கும். சாலட், சாஸ் இரண்டும் அந்த உப்பில் பிறந்த சொற்கள், இத்தாலிக்காரன் சம்பளத்தைச் சொல்லும் 'சலாரியோ'வும் அதிலிருந்துதான் வந்தது என்றேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. "அதாம்மா, கைல வாங்கிகினு வூட்டாண்ட போறதுக்குள்ள கரைஞ்சி பூடுது!"

விளக்கு வைத்த பிறகு

மாதக் கடைசியில் ஓர் இத்தாலியக் கப்பலின் சமையல்காரன் மூச்சிரைக்க வந்தான். விடிவதற்குள் கப்பல் கிளம்புகிறது, கப்பலில் இருந்த உப்பெல்லாம் நனைந்து வீணாகிவிட்டது. அண்ணாச்சியோ அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார். "இருட்டுல லெட்சுமியை வெளிய அனுப்பச் சொல்லுதியளா? முடியாது. ஆனா அந்தாளு கோவிச்சிட்டுப் போகக் கூடாது. போனா, நீங்களும் போகலாம்."

பிரெஞ்சும் சைகையுமாக, உப்பு எங்களுக்குத் தெய்வம், அந்திக்குப் பிறகு வாசல் தாண்டாது என்றேன். கத்திக்கொண்டிருந்தவன் அடங்கினான். தன் அம்மாவும் உப்பைக் கையில் தரமாட்டாள், மேஜையில்தான் வைப்பாள் என்று நடித்துக் காட்டினான். ஆனாலும் வெறும் கையோடு போனால் சூப்பு தன் தலையில்தான் என்று தலையைத் தொட்டுக் காட்டினான்.

அப்போதுதான், வெள்ளைக்காரக் கப்பல்களில் வேலை பார்க்கும் நம்மூர் லஸ்கர் மாலுமிகளுக்காக வைத்திருந்த கருவாட்டுக் கூடை என் கண்ணில் பட்டது. உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த அதை அவன் முன்னால் இழுத்து வைத்தேன். அவன் விரலால் தொட்டு நக்கி, "சாலே!" என்று கூவிக் கூடையைக் கட்டிக்கொண்டான். நான் பயந்தபடி அண்ணாச்சியைப் பார்த்தேன். விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருவாட்டோடதானே போறா? துணையோட போனா லெட்சுமிக்குத் தோஷமில்ல. நாளைக்கு நேரத்தோட வந்துருங்கம்மா."

நான் பிரெஞ்சு படித்துப் பிழைத்தவள் என்று உறவுக்காரர்கள் இன்றும் சொல்லும்போது, கருவாட்டின் பங்கை நான் பேசாமல் விட்டுவிடுகிறேன்.