கிளப் சுவரில் எங்கள் வீட்டுக் கதவு

தினமும் திறந்து மூடிய வீட்டுக் கதவையே அடையாளம் தெரியாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அறிவாளி நான். அதிலிருந்த மஞ்சளைப் பார்த்து, “எவண்டா பலகையில கறி ஊத்துனவன்?” என்று கிண்டல் வேறு. வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பூசியவர் என் அண்ணி.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் அரிசி போகிறதாம். போர்டிக்சன் பக்கம் ரப்பர்த் தோட்டத்திலிருந்த எங்கள் லயத்து வீடுகளைப் பிரித்து, எல்லாரையும் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். கதவுகள் பின்னால் வரும் என்றார்கள், வரவில்லை. அண்ணனை விசாரணைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அண்ணியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு கோணிச்சாக்குக்குப் பின்னால் இருந்தார்கள். சோதனைக்கு வருகிறவன் அதைத் துப்பாக்கி முனையால் தூக்கிப் பார்ப்பான். உள்ளே குளிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று எவன் கேட்டான்?

நானோ சிரம்பானில், துரைமார் கிளப்பின் சாப்பாட்டுக்கூடத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். துரைசானிக்குச் சுவர் முழுக்கப் பழைய மரப்பலகைதான் வேண்டுமாம்; அப்போதுதான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இறைச்சி ருசிக்குமாம். லீவில் வீட்டுக்கு வந்து அந்த அழகையெல்லாம் அண்ணியிடம் அளந்தேன். தாழ்ப்பாள் ஓட்டையை அடைத்தது, எலி கடித்த மூலையை மக்கு பூசி மறைத்தது, எல்லாம் என் கைவண்ணம் என்றேன்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். “அது எலி இல்ல தம்பி. சின்னவ பால்வெட்டுற உளியால கொத்துனது.”

மறுநாள் காலை அண்ணி, தோட்டத்துக் கங்காணியான மண்டோர் முன்னால் போய் நின்று கதவைக் கேட்டார். நான் அண்ணிக்குப் பின்னால் நின்றேன், வீரம் அவ்வளவுதான்.

“சுத்தி வேலி இருக்கு, காவல் இருக்கு. கதவு எதுக்கு லா?” என்றார் மண்டோர்.

“வேலிய நீங்க பூட்டுறீங்க. கதவ நான் பூட்டணும்.”

மண்டோர் சிரித்தார். துரைமார் சாப்பிட ஏற்கெனவே நான்கு சுவர் இருந்தது. அதற்கு மேல் ஒட்டி அழகு பார்க்க எங்கள் கதவு. எங்களுக்குச் சாக்கு.

அண்ணன் திரும்பி வந்து, பெட்டிப் பலகையில் ஒரு கதவு செய்யும்வரை அண்ணி சாக்குக்குக் குறுக்கே படுத்துத்தான் தூங்கினார்.

அந்தக் கிளப் இப்போது விலையுயர்ந்த உணவகம். போன மாதம் சின்னவள் எங்களை அங்கே அழைத்துப்போனாள். அதே சுவர். எங்கள் கதவுக்கு மட்டும் தனியாக ஒரு விளக்கு. “ஒரிஜினல் மரம் லா, அங்கிள்!” என்றான் பரிமாறிய பையன். அடைத்த ஓட்டை எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“எப்படி அண்ணி, நான் போட்ட வார்னிஷ்? நம்ம கதவு இன்னும் மின்னுது பாருங்க!”

அண்ணி அதை ஏறிட்டுப் பார்த்தார்.

“சாத்த முடியுமா?”