கரடி இறங்கிய கிணறு

எங்கள் வாசகர் கூட்டத்துக்கு இந்த மாதம் ஆளுக்கொரு பழைய படப் புத்தகம் கொண்டுவர வேண்டும் என்று முடிவானதும், எனக்கு உள்ளூர ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. என்னிடம் இருப்பது மாதிரி வேறு யாரிடமும் இருக்காது என்று எனக்குத் தெரியும். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மாதம் ஒரு ஞாயிறு காலையில், எட்டு ஒன்பது பேர் கூடுகிறோம். பெங்களூரில் தமிழ் பேசுகிறவர்கள் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். படிக்கிறவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் எங்கள் எல்லோருக்குமே கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகம்.

என்னிடம் இருப்பது கரடிப் புத்தகம். அது வீட்டில் வைத்த பெயர். அட்டை எப்போதோ கிழிந்து போனதால் உண்மையான பெயர் எனக்கே தெரியாது. குட்டிக் கரடியின் சிவப்புத் தொப்பி கிணற்றில் விழுந்துவிடும். அதை எடுத்துவர அப்பா கரடி வாளிக்குள் உட்காரும். முயலும் முள்ளம்பன்றியும் கயிற்றைப் பிடித்து இறக்கும். அடியில் ஒரு தவளை அந்தத் தொப்பிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்ப மனசில்லாமல் கரடி வெறுங்கையோடு மேலே வந்துவிடும். கதை அவ்வளவுதான். ஆனால் படங்கள்! கிணற்றில் இறங்கும் படம் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். எல்லாம் கரிய நீலம், உச்சியில் மட்டும் தோசையளவுக்கு வட்டமாக வானம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: ‘கரடி மெல்ல மெல்ல இறங்கியது.’

நாங்கள் அப்போது கோலார் தங்கவயலில் இருந்தோம். அப்பா சுரங்கத் தொழிலாளி. எனக்கு ஐந்து வயதில் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்து, முதல் பக்கத்தில் பென்சிலால் என் பெயரை எழுதிக் கொடுத்தார். என் பெயரை மட்டும். தங்கை அப்போது பிறக்கவே இல்லை. இதை நான் அவளிடம் எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அந்தத் தங்கைதான் கூட்டத்துக்கு முந்தின நாள் சந்தாபுராவிலிருந்து ஜோகுபாளையத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். புத்தகத்தை நான் துண்டில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “நானும் வரேன்க்கா” என்றாள்.

“அது வாசகர் கூட்டம். உனக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே.”

“படிக்கத் தெரியாட்டி இன்னா? காது கேக்குதில்ல?”

அவளுக்கு நிஜமாகவே தெரியாது. நான் தமிழ் மீடியம். அவள் பள்ளிக்குப் போகும் காலத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டு, இரண்டாவது மொழியாகக் கன்னடம் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் எனக்குச் செய்தி அனுப்பினால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அனுப்புவாள். அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

கூட்டத்தில் என் முறை வந்தது. புத்தகத்தை யார் கையிலும் கொடுக்கவில்லை. நானே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு ழகரத்தையும் சுத்தமாக உச்சரித்துப் படித்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கிணற்றுப் பக்கம் வந்தது. ‘கரடி மெல்ல மெல்ல இறங்கியது’ என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனேன்.

“அக்கா, இரு இரு. மணி அடிக்கலியே?” என்றாள் தங்கை.

“என்ன மணி?” என்று கேட்டார் கூட்டத்தை நடத்தும் பெரியவர். அவரும் தங்கவயல்காரர்தான். ஓய்வு பெற்று இங்கே மகன் வீட்டில் இருக்கிறார்.

“மூணு மணி அடிச்சாத்தான் சார் கேஜ் இறங்கும். உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம்.” கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு. அவள் பக்கத்தில் இருந்த காபி டம்ளரில் ஸ்பூனால் தட்டினாள். டிங், டிங், டிங். “கரடி போவுது, போவுது, காது அடைச்சிக்குது. எச்சி முழுங்கு, எச்சி முழுங்குன்னு மேலேர்ந்து முயல் கத்துது.”

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான் மரக்கட்டை மாதிரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கத்தைத் திருப்பச் சொன்னால் திருப்பினேன். கரடி மேலே வரும் பக்கத்தில், ‘கரடி வெறுங்கையோடு வந்தது’ என்று மட்டும்தான் இருக்கிறது. அவளோ, “மேல வந்ததும் வாட்ச்மேன் புடிச்சுக்கறான். தங்கம் எடுத்துகினு வந்தியா, தொப்பியைக் கழட்டுன்றான். கரடி சொல்லுது, யோவ், தொப்பி இல்லாமதானேய்யா வரேன்?” என்றாள்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு மணி. கரெக்டும்மா. எங்கப்பாவும் அந்த மணிக்கு இறங்கினவர்தான்” என்றார். பிறகு அவளிடம், “அடுத்த மாசம் நீ கண்டிப்பா வரணும்” என்றார். நான்கு வருடமாக வருகிறேன். என்னிடம் ஒருநாளும் கண்டிப்பாக வா என்று அவர் சொன்னதில்லை. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. கைத்தட்டல் அவளுக்குப் போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வாட்ச்மேனை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. எச்சில் விழுங்கச் சொல்லும் முயலும் எனக்குப் புதிது. குரல் மட்டும் தெரிந்த குரல். ‘யோவ்’ என்று இழுத்தது அச்சு அசல் அப்பா. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

ஏன் எனக்கு அது தெரியாமல் போனது என்றும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே புரிந்துவிட்டது. எனக்கு ஆறு வயது. எழுத்துக் கூட்டப் பழகியிருந்த புதிது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, என்னை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் வரிமேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “தப்புத் தப்பா படிக்கற நீ. அதுல அப்படி இல்ல. நானே படிச்சிக்கறேன்” என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அப்பா சிரித்தார். “சரிம்மா, நீயே படி” என்றார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் படிக்கவே இல்லை. தெருவெல்லாம், ‘எம் பொண்ணு தானே படிக்கறா’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் பூரித்துப் போயிருந்தேன். படிக்கத் தெரியாத தங்கைக்கு அவர் வருடக்கணக்காகப் படித்தார். அவளுக்குத் திருத்தத் தெரியாதே.

கூட்டம் முடிந்து, ஓல்ட் மெட்ராஸ் ரோடு பஸ் ஸ்டாப்புக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது துண்டில் சுற்றியிருந்த புத்தகத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, அந்த மூணு மணி, வாட்ச்மேன், இதெல்லாம் நிஜமா அதுல எழுதியிருக்கா? இல்ல அப்பாவே எனக்காக விட்ட கதையா?”

இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை, எல்லாம் உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

“எழுதியிருக்கு” என்றேன். “அப்படியேதான் எழுதியிருக்கு.”

“ஓ” என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். “நான் அப்பா சொன்னதுன்னு நெனச்சிகினு இருந்தேன்.” பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். புத்தகம் பத்திரமாக என் அக்குளில் இருந்தது.

புதன்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. வழக்கம்போல இங்கிலீஷ் எழுத்தில். கூட்டிக் கூட்டிப் படித்தேன். ‘அக்கா, மூணு மணி வர்ற பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு. எம் பாப்பா சனிக்கிழமை கிளாஸ்ல தமிழ் எழுத்து கத்துக்கறா. தாத்தா புக்கை அவளே படிக்கட்டும்.’

அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். நாலே நாலு வார்த்தைதான். எழுத்துக் கூட்டத் தெரிந்த எந்தக் குழந்தையும் படித்துவிடும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் அனுப்பவில்லை.