தொலைபேசி எண் இல்லாத வரி

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன வெப்சைட் ஆபீசில் வேலை பார்த்தேன். ரத்தம் கொடுக்க முன்வருபவர்கள் தாங்களே பதிவு செய்யும் தளம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பெயர், ரத்த வகை, தொலைபேசி எண் மூன்றும் கட்டாயம். ஏதாவது விடுபட்டால் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிடித்துவிடும். ஆனால் அது ஓடுவது பதிவு செய்பவரின் கம்ப்யூட்டரில். அங்கே அதை நிறுத்திவைத்திருந்தால் எல்லாம் கோவிந்தா. எங்கள் சர்வரும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் மல்லுக்கு நின்றேன்.

"ஆரு அதப் போய் ஓஃப் பண்ணுவா? வெறுதே பேடிக்காதே" என்றார். நான் வீணாகப் பயப்படுகிறேனாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானாகத் திறக்கும் விளம்பர ஜன்னல்களின் தொல்லை தாங்காமல் பல பிரவுசிங் சென்டர்களில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். சொல்லியும் அவர் கேட்கவில்லை, தளம் அப்படியே திறக்கப்பட்டது.

சில மாதங்களில் மேனேஜரின் மனைவிக்குப் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ஆள் உடனே வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழுதார். பட்டியலைத் திறந்தேன். அந்த வகையில் ஒரே ஒருவர். எண் இருக்க வேண்டிய இடம் காலி. கொடுக்கத் தயாராக ஒருவர் இதே ஊரில் இருக்கிறார், கூப்பிட வழியில்லை.

பெயருக்குப் பக்கத்தில் ஸ்ரீவராகம் என்று பேட்டையின் பெயர் மட்டும் இருந்தது. ஸ்கூட்டரில் போய்த் தெருத்தெருவாகப் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைசியில் ஒரு வீட்டிலிருந்து நாற்பது வயது மாமா ஒருவர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். எண்ணை ஏன் எழுதவில்லை என்று போகும் வழியிலேயே கடுப்புடன் கேட்டேன்.

"ஆத்துல ஃபோன் கெடையாதேம்மா. பழவங்காடி பிரவுசிங் சென்டர்லதான் பதிஞ்சேன். நம்பர் இல்லாம ஆகாதுன்னா அதுவே சொல்லும்னு நெனச்சேன். நன்றின்னுன்னா வந்துது."

வேறு இடத்திலிருந்து ரத்தம் வந்து சேரும்வரை அவர் கொடுத்ததுதான் தாங்கியது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். நீ சொன்னதுதான் சரி, எண் இல்லாமல் யார் பதிந்தாலும் சர்வர் திருப்பி அனுப்பட்டும், இன்றைக்கே எழுதிவிடு என்றார். ஜெயித்த திமிரோடு எழுதி முடித்தேன். சோதனைக்கு அந்த மாமாவின் எண் இல்லாத விவரத்தையே கொடுத்துப் பார்த்தேன். சர்வர் ஏற்க மறுத்தது. மேனேஜரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"நான் சொன்னபடி அன்னைக்கே செஞ்சிருந்தா, இந்த மாமா லிஸ்டுலயே இருந்திருக்க மாட்டாரு சாரே."